தங்கையிடம் சொல்லாத பழுது

அன்பு மகன் கோல்யாவுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மருமகள் ஆனெக்காவும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், கத்தினால் அப்புறம் பேசலாம் அம்மா என்று நீ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உன் அப்பா இதைப் படமெடுத்து அனுப்பிவிடுவார். முழுவதும் படி.

வீட்டுச் சங்கதி என்றால், பிளம் இந்த வருடம் கிளை முறியக் காய்த்தது, ஜாம் காய்ச்சி முடித்தாயிற்று. பாலி அத்தை இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கோல் ஊன்றி நடக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்தில் நின்றுகொண்டே பாடுகிறாள். லாரி இன்ஜினியர்கள் மாநாட்டு மேடையில் நீ பேசிய வீடியோவை அவளும் பார்த்திருக்கிறாள். இந்தப் பள்ளத்தாக்கில் பார்க்காதவர் யார்? உனக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு உன் தங்கையின் லாரி, அதன் அடிவயிறு. அது நான் எடுத்த படம் கோல்யா. வண்டி எப்படி வருகிறது அம்மா, அடிப்பக்கம் கிட்டத்தில் எடுத்து அனுப்பு என்று நீ கேட்டபோது, தங்கை மேல் பிள்ளைக்கு இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப் போய், இந்த வயதில் மண்ணில் மல்லாந்து படுத்து எடுத்தேன். நீ அதைக் காட்டி, மாட்டுக் கொட்டகையில் லாரி கட்டுகிறவர்கள் என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். தாஷா வீடியோவை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு எழுந்து பட்டறைக்குப் போய்விட்டாள். அதற்கு மேல் எங்களில் யாரும் பார்க்கவில்லை.

ஆமாம், கொட்டகைதான். உன் தாத்தா மாடு கட்டிய இடம்தான். அவள் என்ன பொழுது போகாமலா அதற்குள் புகுந்தாள்? இத்தனை வருடம் ஊரார் லாரியில் மரம் ஏற்றி இந்த மலையை இறங்கியவள் அவள். ஏறும்போது டீசலைக் குடித்து, இறங்கும்போது பிரேக்கை எரிக்கிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்துத்தான், சக்கரத்தை மின்மோட்டார் சுற்றட்டும், பேட்டரியை நிரப்ப மட்டும் சின்ன டீசல் இன்ஜின் போதும், பாரத்தோடு இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்திப் பேட்டரிக்கும் திருப்பிக் கொடுக்கும் என்று கணக்குப் போட்டாள். பேங்க்காரன் நம்பவில்லை. மானியம் கேட்டுப் போன அரசாங்க ஆபீசில், டீசல் இருக்கிறதே, இது மின்வண்டி ஆகாது என்று கையை விரித்தார்கள். அங்கேயும் நான் கத்திவிட்டுத்தான் வந்தேன். கடைசியில் அவளும் உன் அப்பாவும் வெல்டிங் வேலை செய்யும் மேவிஸும்தான் அந்த வண்டியைக் கட்டி நிறுத்தினார்கள்.

முதல் வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தவர் லிண்டால், மேற்கு மலையில் மரம் வெட்டும் குத்தகை எடுத்திருக்கிறாரே அவர். உன் பேச்சு ஊருக்குள் வந்த வாரமே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "கோவிச்சுக்காத லூஷா. நீ பெத்த பிள்ளையே ஆபத்துன்னு சொல்றான். அப்புறம் நான் யாரை நம்பி என் ஆளுங்களை அதுல ஏத்துறது?" என்றார். நீ என்ன சொன்னாய் என்று அவர் விவரமாகச் சொல்ல வந்தார், தாஷா விடவில்லை, அவன் பேச்சை இந்த வாசலில் எடுக்காதீர்கள் என்று வெட்டிவிட்டாள். ஒரே ஒரு தடவை பாரத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள், கீழே வந்த பிறகு முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். மனிதர் நல்லவர், ஒத்துக்கொண்டார்.

நானும் அப்பாவும் பின்னாலேயே சின்ன வண்டியில் போனோம். பாதி மலை வரை பூப்போல இறங்கியது. பெரிய சரிவில் திடீரென்று அவள் வண்டி வேகம் எடுத்தது. பிரேக் விளக்கு அணையவே இல்லை, பின்சக்கரங்களிலிருந்து புகை வந்தது. கட்டுப்பாடு இழந்த லாரிகளுக்காக மேட்டுப் பக்கம் ஜல்லி கொட்டி வைத்திருக்கும் பாதை உனக்குத் தெரியுமே, அதற்குள் அவள் வண்டியைத் திருப்பி ஏற்றினாள். அச்சு வரை ஜல்லியில் புதைந்து நின்றது. ஒரு மரம்கூடச் சரியவில்லை. லிண்டால் இறங்கி ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டார். தாஷா அடியில் குனிந்து பார்த்தாள். மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய், அது வளையும் இடத்தில் உரசி உரசிக் கிழிந்து, சூடு தாங்காமல் மோட்டார் தானே அணைந்திருக்கிறது. அப்போதுதான் லிண்டால், "உங்கண்ணன் சொன்ன அதே குழாய் வளைவு பொண்ணே. அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து உன் பேச்சின் மீதியைப் பார்த்தேன். சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு, அந்த வளைவைச் சுட்டிக் காட்டி, இது கிழியும், மோட்டார் நிற்கும், இறக்கத்தில் பாரம் வண்டியைத் தள்ளும் என்கிறாய். எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்தது. நீ சொன்னது சரி கோல்யா, அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். தெரியாமல் பொறாமையில் உளறியிருந்தால் என் பிள்ளைதானே என்று விட்டிருப்பேன். தெரிந்திருக்கிறது. முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லத் தோன்றியிருக்கிறது, ஓட்டப் போகிறவளிடம் சொல்லத் தோன்றவில்லை. ஞாயிறு தவறாமல் கூப்பிட்டு போர்ஷ்ட் சூப்பில் வெண்ணெய் எப்போது போடுவது என்று என்னிடம் கேட்கத் தெரிகிறது, தாஷா அந்தக் குழாயைப் பார் என்று சொல்ல உனக்கு வாய் இல்லை. அவளும் கடைசி வரை கேட்டிருக்க வேண்டும் என்பாய். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? கேலியை முன்னால் வைத்து எச்சரிக்கையைப் பின்னால் வைத்தால் எவள் உட்கார்ந்து கேட்பாள்? தொழில்முறையில் பேசினேன், யார் பெயரையும் சொல்லவில்லை என்று அப்பாவுக்கு எழுதியிருக்கிறாய். பெயர் எதற்கு? நீல வாசலோடு அந்தக் கொட்டகையே படத்தின் ஓரத்தில் நிற்கிறது.

தாஷாவும் மேவிஸும் குழாயை வேறு வழியாகத் திருப்பி, இரும்பு வலை பின்னிய குழாயாக மாற்றிவிட்டார்கள். லிண்டால் மறுபடியும் வந்தார், நான் எதிர்பார்க்கவில்லை. பிரேக் எரியும்போதும் வண்டியைக் கையில் வைத்திருந்தவள் என்று தன் ஆட்களிடம் சொன்னாராம். இரண்டாம் முறை அதே சரிவில் பிரேக்கைத் தொடாமலே இறங்கினாள், அடிவாரத்தில் பார்த்தால் மேலே இருந்ததைவிடப் பேட்டரி நிறைந்திருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டார், ஓட்டவும் அவளையே வைத்துக்கொண்டார். அன்று தாஷா சிரித்தாள். ஆனால் உன் பெயர் இன்னும் அவள் வாயில் வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

குளிருக்கு அந்த மெல்லிய கோட்டைப் போட்டுக்கொண்டு அலையாதே, மேடையில் பார்த்தேன், கழுத்து தெரிகிறது. பிள்ளைக்கு நெஞ்சுச்சளி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனெக்கா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று சொல். கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும், இந்தக் கோபத்திலும் அதைத்தான் வேண்டுகிறேன்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதே, எனக்கு வேண்டாம். தரை உறைந்ததும் மரம் இறக்கும் வேலை தொடங்குகிறது, தாஷா நாள்தோறும் அந்த மலையை இறங்குவாள். அந்தப் படத்தில் வேறு எதுவும் உன் கண்ணில் பட்டிருந்தால் அவளைக் கூப்பிட்டுச் சொல். உன் குரல் கேட்டதும் வைத்துவிடுவாள். வைத்தால் மறுபடியும் கூப்பிடு.

கோபம் தீராத உன் அம்மா,
லூஷா