நாற்பத்தொரு சிறுத்தைகள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பத்தொன்பது வருடமாக ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். தோன்றுகிற காரணம் எதையும் நானே நம்பவில்லை.

நம் ஆய்வகத்தில் கேமரா டெக்னீஷியன் வேலையை விட்டபின் நீங்கள் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். விலாசத்தை விசாரித்து வாங்கினேன்.

எனக்கு அடுத்த வருடம் ஐம்பது. பல்கலைக்கழகம் ஒரு விருதுக்கு என் பெயரை அனுப்புகிறது. என் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்டார்கள். முதலிடத்தில் நம் சிறுத்தைக் கட்டுரை, அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். ‘நம்’ என்று எழுதிவிட்டேன். அதில் உங்கள் பெயர் இல்லை.

காட்டில் நாம் வைத்த கேமராக்களில் விழுந்த சிறுத்தைப் படங்களைப் பிரித்து நீங்கள் எழுதிவைத்த நோட்டு இன்னும் இருக்கிறதா?

தங்கை

மார்ச் 15

டாக்டரம்மாவுக்கு,

நல்லா இருக்கேன். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வர்றவங்க ஒரு நிமிஷம் அசையாம நிக்க மாட்டாங்க. நம்ம சிறுத்தைங்க எவ்வளவோ தேவலை.

நோட்டு இருக்கான்னு கேக்கறியா, இல்ல நான் யார்கிட்டயாவது சொல்லிடுவேனோன்னு கேக்கறியா? நேராவே கேட்டிருக்கலாம்.

நோட்டைக் கரையான் தின்னாச்சு. ஆனா எனக்கு மறக்கல. வாடகை அறையில படத்தையெல்லாம் தரையில பரப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். எதிரெதிரா ரெண்டு கேமரா வெச்ச இடங்கள்ல, பாதி இடத்துக்கு மேல ஒரு கேமராதான் வேலை செஞ்சுது. எந்தச் சிறுத்தைன்னு புள்ளியை வெச்சுத்தான் அடையாளம்; அதுலயும் இடது பக்கப் புள்ளி வேற, வலது பக்கப் புள்ளி வேற. “இடது பக்கத்தை மட்டும் எண்ணு, இல்லேன்னா ஒண்ணையே ரெண்டாக்கிடுவே”ன்னு சொன்னேன். நீ, “அக்கா, டீ போடறீங்களா”ன்னு கேட்டே. போட்டேன். கொண்டு வர்றதுக்குள்ள நாற்பத்தொண்ணுன்னு எழுதி முடிச்சிருந்தே.

என் கணக்குல இருபத்துமூணு.

அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

ஆம், அதைத்தான் கேட்டேன். நோட்டு போய்விட்டது என்று படித்ததும் முதலில் வந்தது நிம்மதி. அப்புறம்தான் வெட்கம்.

தெரியாமல் நடந்த தவறு என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்துதான் செய்தேன். இருபத்துமூன்று என்றால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் பெயரைச் சேர்த்திருந்தால், கட்டுரையின் கடைசிப் பிரதியை நீங்களும் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அதனால்தான் விட்டேன். டெக்னீஷியன் பெயரைப் போடும் வழக்கமில்லை என்று சொன்னது பொய்.

சிறுத்தைகள் பெருகிவிட்டன என்று என் கட்டுரையைக் காட்டித்தான் நாம் கேமரா வைத்த காட்டுக்குள் போகும் சாலையை அகலப்படுத்தினார்கள். அதற்கான கூட்டத்தில் நானும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக, அதை வெளியிட்ட ஆய்விதழுக்கு எழுதப் போகிறேன். சரியாக எண்ணியவர் நீங்கள் என்று பெயரோடு குறிப்பிடலாமா?

தங்கை

மார்ச் 30

டாக்டரம்மாவுக்கு,

தாராளமா எழுது. என் பேரைப் போடாதே. கடை நல்லா ஓடினப்ப சேத்துக்கல, இப்ப இழுத்து மூடறப்ப பங்குக்குக் கூப்பிடறியா? படிச்சுட்டுச் சிரிச்சேன். அப்புறம் கோபம் வந்துச்சு. அது இன்னும் போகல.

இனிமே எனக்கு எழுத வேண்டாம். எழுதினா பதில் போடணும்னு தோணும். எனக்கு அது வேண்டாம்.

உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா

ஏப்ரல் 8

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும். பதில் வேண்டாம்.

ஆறாம் தேதி இதழுக்கு அனுப்பினேன். விருதுக் குழுவுக்கும் துறையில் எல்லோருக்கும் ஒரு பிரதி. உங்கள் பெயர் இல்லை.

மறுநாள் என்னவெல்லாமோ நடக்கும் என்று ஏழு மணிக்கே என் அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். போன் அடிக்கவில்லை. பதினொரு மணிக்கு என் ஆராய்ச்சி மாணவி வந்தாள். அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியவள், நான்கு வருட உழைப்பு.

“மேடம், என் மூணாவது அத்தியாயம் முழுக்க உங்க நாற்பத்தொண்ணை வெச்சுத்தான் எழுதியிருக்கேன்.”

“தெரியும்மா.”

“அது தப்புன்னு உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?”

கட்டுரை எழுதிய வருடத்தைச் சொன்னேன். அவள் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

தங்கை