உன் அம்மா கிடையில் இல்லை

சக்குபள்ளம்

அன்பு மகன் பாண்டித்துரைக்கு,

மஸ்கட் வெயிலில் நீயும் மருமகள் ஆர்த்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஏனென்றால் நீயும் உன் அக்கா செல்வலட்சுமியும் சேர்ந்து உன் அம்மாவுக்கு அநியாயம் செய்துவிட்டீர்கள். அவள் இடுப்பு வலிக்கு வழி உண்டா இல்லையா என்பதை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு கட்டிவிட்டீர்கள். போனில் சொன்னால் "சரிப்பா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கேட்டதெல்லாம் உன் அக்கா சொன்ன கதை. மார்பில் வந்த புற்றுநோய் இடுப்பெலும்பில் இறங்கிவிட்டது, கரண்ட் வைத்தால், அதுதான் அந்த ரேடியேஷன் கொடுத்தால், வலி குறையுமா என்று கேட்கத்தான் மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் மருந்து வாங்க வரிசையில் நின்ற நேரத்தில் டாக்டரம்மா, எழுந்து நடமாடுகிறாரா, தன் காரியத்தைத் தானே பார்க்கிறாரா என்று கேட்டிருக்கிறார். உன் அக்கா பெருமையாக, "ஒரு துரும்ப எடுக்க விடறதில்ல டாக்டர், கட்டில விட்டு எறங்க விடறதில்ல, எல்லாம் நாந்தான்" என்று சொல்லியிருக்கிறாள். சீக்காளியை வேலை செய்ய விட்டால் எஸ்டேட் லயத்தில் நாலு பேர் தன்னைப் பேசுவார்கள் என்ற பயம் அவளுக்கு. அவள் பேசிய பெருமை, உன் அம்மா எழ முடியாமல் கிடையில் கிடக்கிறாள் என்று அங்கே கணக்காகிவிட்டது. இந்த நிலையில் கரண்ட் வைத்துப் பலன் கிடைப்பது குறைவு, மாத்திரையோடு நிறுத்தலாமா என்று டாக்டர் கேட்க, உன் அக்கா உனக்குப் போன் போட்டு அவரிடம் கொடுக்க, நீயும் போனில் "அம்மாவ அலைக்கழிக்க வேண்டாம்" என்றாய். உன் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மகன் சொல்லிவிட்டான் என்று வாயை மூடிக்கொண்டாள்.

செல்வலட்சுமி ஏலக்காட்டுக்குப் போனதும் உன் அம்மா சுவரைப் பிடித்து எழுகிறாள், கஞ்சி வைக்கிறாள், குழாயடி வரை போய் வருகிறாள். "அவ வந்தா வைவா, இந்தச் சட்டிய நீங்க கழுவுனதாச் சொல்லிருங்க" என்று என்னிடம் கெஞ்சுகிறாள். ஒவ்வோர் அடிக்கும் பல்லைக் கடிக்கிறாள், ஆனாலும் நடக்கிறாள். இதைப் பார்த்துவிட்டுத்தான் நான் தனியாகப் பஸ் ஏறி டாக்டரைப் பார்க்கப் போனேன். பஸ் போர்டு பார்த்து மலையாளம் படித்தவன் நான், என் மலையாளத்தைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. பத்துப் பேருக்கு வைத்தால் ஆறு பேருக்காவது வலி குறைகிறது, அந்த ஆறில் யார் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது, நோய் எங்கே தொடங்கியது, வலி எவ்வளவு, ஆள் எவ்வளவு நடமாடுகிறார் என்று கேட்டுக் கணிக்கிறோம், சொல்வது தப்பானால் கணிப்பும் தப்பும் என்றார். பலன் தெரியச் சில வாரம் ஆகுமாம், முதலில் வலி கூடவும் செய்யுமாம். கூட்டி வாருங்கள், நானே நடக்கச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். இதைச் சொன்னால் உன் அக்கா, "அப்பாவுக்கு இப்ப டாக்டர்னு நெனப்பு" என்கிறாள். இருக்கட்டும். வலி போயே தீரும் என்று நானும் சொல்லவில்லை. மிச்ச நாலு பேரில் உன் அம்மா விழலாம். விழுந்தால் அது நோய் செய்தது, கேட்காமலே விட்டால் அது நாம் செய்தது.

கோபத்தோடு எழுதினாலும் உனக்கும் ஆர்த்திக்கும் என் ஆசீர்வாதத்தில் குறைவில்லை, வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ. இனி ஆக வேண்டியதைக் கேள். வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னவன் நீ, நீயே போன் போட்டு அந்த வார்த்தையைத் திரும்ப வாங்க வேண்டும். அக்காவைத் திட்டாதே, அவள்தான் ராப்பகலாய்ப் பார்க்கிறவள். ஆனால் அம்மா எழுந்தால் தடுக்கக் கூடாது என்று நீ சொன்னால்தான் அவள் கேட்பாள். வலிக்கு மருந்து கொடுக்க வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் சிஸ்டரிடம் பயணத்துக்கு முன்னால் எந்த மாத்திரை என்று கேட்டு வைப்பது அக்கா பொறுப்பு. ஜீப் ஓட்டும் சுடலைமணியிடம் சொல்லிவிட்டேன், பின்சீட்டில் மெத்தை போட்டு மெதுவாக ஓட்ட வேண்டியது அவன் வேலை. முதல் வாரம் வலி கூடினால் என்னை ஏச வேண்டுமானால் ஏசுங்கள், அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். டாக்டர் கேட்கும்போது நானும் உன் அக்காவும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், நீ போனை அணைத்து வைக்க வேண்டும். எவ்வளவு வலிக்கிறது, கரண்ட் வேண்டுமா வேண்டாமா என்று உன் அம்மா மூக்கம்மாளே சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சங்கையா