குறுக்கே கிடக்கும் அண்ணன்

பிப்ரவரி 18, 1992

மரவெட்டு நிறுவனத்தின் மேலாளர் வந்திருந்தார். ஊருக்குப் பின்னாலுள்ள பைன் காட்டின் வழியே லாரிப் பாதை போடப்போகிறார்களாம்.

"அங்க எங்காளுங்களைப் புதைச்சிருக்குய்யா" என்றேன்.

"வரைபடத்துல மயானமே இல்லையேம்மா!"

எப்படி இருக்கும்? சொந்தமாக இரண்டு மாடு வைத்திருந்ததற்காக எங்களைக் குலாக், பணக்கார விவசாயி என்று சொல்லி, இந்த உரால் காட்டில் கொண்டுவந்து கொட்டினார்கள். செத்தவர்களுக்குச் சிலுவை நட்டால் அதையும் பிடுங்கி அடுப்பில் வைத்தார்கள். அம்மா அங்கேதான் கிடக்கிறாள். நான் அப்போது கைக்குழந்தை.

பிப்ரவரி 20

மரங்களுக்குச் சிவப்புச் சாயம் அடித்துவிட்டார்கள். நாசமாய்ப் போக.

பிப்ரவரி 27

தெரெந்தி அண்ணனுக்கு மூச்சு வாங்குகிறது. பாதை விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

"எப்படிப் போகுதாம்?"

"தெற்கு வடக்கா."

இருமலோடு சிரித்தான். "அப்ப நல்லதாப் போச்சு. நம்ம வழக்கப்படி காலைக் கிழக்கதானே நீட்டுவீங்க? என்னை அம்மா பக்கத்துல போடு கிளாஷா. குறுக்க கிடக்கேன். எவன் ஏத்துறான்னு பாத்துருவோம்."

"பேசாம கஞ்சியைக் குடிண்ணே."

"அம்மா தலைமாட்டு மரத்துல அப்பா சிலுவை வெட்டினாரு. பிசின் மூடியிருக்கும். கையால தடவிப் பாரு."

விளையாட்டுக்குச் சொல்கிறானா? இல்லை. அவன் கண்ணைப் பார்த்தேனே.

மார்ச் 9

அண்ணன் போய்விட்டான்.

மார்ச் 11

ஊர் மயானத்தில் இடமும் நல்ல பெட்டியும் தருவதாக மேலாளர் சொல்லியனுப்பினார். "அவரையே படுத்துக்கச் சொல்லு" என்றேன். வாயில் வந்துவிட்டது. வருத்தமெல்லாம் இல்லை.

மரம் மரமாகத் தடவினேன். சிவப்புச் சாயத்துக்கு அடியில் சிலுவை இருந்தது. அம்மா! அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக உன் பக்கத்தில் நின்றேன்.

மண் உறைந்து கல்லாகக் கிடந்தது. அம்மா செத்தபோது மண்ணை இளக்க நெருப்பு மூட்ட விடவில்லையாம், மரமெல்லாம் அரசாங்கத்தோடதாம். முழங்கால் ஆழம்கூடத் தோண்ட முடியவில்லை என்று அண்ணன் சொல்லி அழுவான். இன்று நானும் பக்கத்து வீட்டு லுகேரியாவும், நிறுவனம் வெட்டி அடுக்கியிருந்த கட்டைகளையே இழுத்துவந்து போட்டு எரித்தோம். நன்றாக எரிந்தது.

மார்ச் 12

புதைத்தாயிற்று. கால் கிழக்கே.

மார்ச் 16

புல்டோசர் வந்தது. நான் அண்ணன் மேட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

"ஓட்டுடா!" என்று மேலாளர் கத்தினார்.

ஓட்டுநர் ரினாத் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். "புதுக் குழி மேல நான் ஏத்த மாட்டேன் சார். வேணும்னா நீங்களே ஓட்டுங்க."

மேலாளர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"எங்க தாத்தாவும் எந்தக் காட்டுலயோ இப்படித்தான் கிடக்காரு" என்றான் ரினாத். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மே 5

ரதோனித்சா. செத்தவர்களோடு ஈஸ்டர் முட்டையைப் பகிர்ந்துகொள்ளும் நாள். ஊரே காட்டுக்குள் வந்து மரங்களைத் தடவிக்கொண்டிருந்தது. "இங்க இருக்கு! எங்கப்பா இங்க இருக்காரு!" என்று லுகேரியா கத்தினாள். சற்று நேரத்தில் இன்னொரு பக்கத்திலிருந்தும் குரல் கேட்டது.

பாதையைச் சுற்றி வளைத்துப் போட்டுவிட்டார்கள். கட்டை லாரி ஒன்று வளைவில் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சேர்த்துப் போட்ட வேலிக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தேன்.