பறக்கிறவனுக்கு எழவு வீட்டுப் பாட்டு

இன்று காலை டீக்கடையில் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். எடிட்டிங் ரூமுக்குக் கீழே இருக்கிற கடைதான். டம்ளரைக் கையில் வாங்குகிற நேரம் பார்த்து, கடைக்காரரின் போனில் அந்தப் பாட்டு ஆரம்பித்தது. முதலில் புல்லாங்குழல், அப்புறம் அந்தத் தனிக் குரல். "யாருண்ணே தவறிட்டாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பழைய பாட்டும்மா, சும்மா ஓடுது," என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மெட்ராஸில் அது பழைய பாட்டு, அவ்வளவுதான். அரியலூர்க்காரி எனக்கும் கீழப்பழுவூர்க்காரி உனக்கும் அது எழவு வீட்டுப் பாட்டு. மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி மைக் செட்டுக்காரர் அதைப் போட்டுவிட்டால், பக்கத்து ஊர்க் கொல்லையில் களை வெட்டுகிறவர்கள்கூட நிமிர்ந்து, "எந்தத் தெருவுல?" என்று கேட்பார்கள். பிணத்தை எடுக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓடும். கல்யாண வீட்டில் யாராவது வாய் தவறி முணுமுணுத்தால் முதுகில் ஒன்று விழும்.

அந்தப் பாட்டைத்தான் இன்று சாயங்காலத்துக்குள் ஒரு பறக்கிற மனிதனுக்குக் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், ஜன்னலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். வேலை ஓடவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ போன பிறகு என் கைக்கு வந்த முதல் பெரிய படம் இது. தமிழிலேயே எடுத்த சூப்பர் ஹீரோ படம். ட்ரெய்லர் வெட்டுவது என் பொறுப்பு. இயக்குநர் நம்மைவிடச் சின்னவர், நல்ல பிள்ளை, ஆனால் நாற்காலியில் ஒரு இடத்தில் உட்காரமாட்டார். "மேடம், அவன் மேலேர்ந்து விழுறான், இந்தப் பாட்டு வருது, அப்படியே எந்திரிக்கிறான். தியேட்டர் கிழியும் பாருங்க," என்றார். பாட்டுக்கு உரிமையும் வாங்கிவிட்டார்கள். வைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அற்புதமாக இருக்கிறது. கூட இருந்தவர்கள் எல்லோரும் கையை நீட்டிப் புல்லரித்ததைக் காட்டினார்கள். எனக்கு மட்டும் ஊதுவத்தி வாசனை வந்தது.

நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் தொல்லையே. "போடுடி" என்பாய்.

பெரம்பலூரில் காலேஜ் படித்தபோது இந்த வேலையை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து, இங்கிலீஷ் சூப்பர் ஹீரோ ட்ரெய்லர்களின் சத்தத்தை எடுத்துவிட்டு, நம் பாட்டுகளை அடியில் ஒட்டுவோம். கட்டடம் இடியும்போது காவடிப் பாட்டு. முகமூடி போட்டவன் மாடியில் தனியாக நிற்கும்போது தாலாட்டு. உன் அழுக்கு லேப்டாப் அடுப்பாய்ச் சுடும், நீ அதைத் தலையணை மேல் வைத்துத் தட்டிக்கொடுப்பாய். ஏன் எல்லோருக்கும் தெரிந்த பாட்டையே எடுக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டு நிமிஷத்துல நம்மளால ஒருத்தர அழ வைக்க முடியுமாடி? பாட்டு முன்னாடியே அழ வச்சிருக்கும். நாம அதத் திருடிக்கணும்," என்றாய். இன்றைக்கும் பெரிய பெரிய ஆட்கள் இதையே சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள்.

ஆண்டு விழாப் போட்டிக்கு நாம் கொடுத்த துண்டுப் படம் நினைவிருக்கிறதா என்று உன்னிடம் கேட்க வேண்டியதே இல்லை. சாகும் வரை அதைச் சொல்லியே என்னைச் சீண்டினாய். ஹீரோ வானத்திலிருந்து விழுகிற இடத்துக்கு நான் ஒரு குத்துப் பாட்டு வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் எனக்குத் தெரியாமல் நீ அதை எடுத்துவிட்டு எழவு வீட்டுப் பாட்டை வைத்துவிட்டாய். அரங்கம் நிறைந்த கூட்டம். பாதிப் பேர் நம் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள், அவர்களுக்கு எப்படித் தெரியாமல் போகும்? பின் வரிசையிலிருந்து ஒருவன், "யாருடா செத்தது?" என்று கத்தினான். அவ்வளவுதான், கூரை பறந்தது. திருச்சியிலிருந்து வந்த நடுவருக்கு எதுவும் புரியவில்லை. பக்கத்து ஆளிடம் விசாரித்துவிட்டு அவரும் சிரித்தார்.

நான் உன்னோடு பேசவில்லை. நீயாக வந்து என் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னாய்: "ஏன்டி மூஞ்ச தூக்குற? அந்தாளு அவ்ளோ ஒசரத்துலேர்ந்து வுழுறான். ஓடியாந்து அழ ஒரு நாதி இருக்கா சொல்லு. வூடு கெடையாது, அக்கா தங்கச்சி கெடையாது. அதான் நம்ம ஊர குடுத்தேன்." எனக்கு அப்போதும் கோபம்தான். ஆனால் மனதுக்குள், இவளுக்கு இது எப்படித் தோன்றியது என்று பொறாமையாக இருந்தது.

பிறகு நான் மெட்ராஸுக்கு வந்தேன். நீ பெரம்பலூரிலேயே கல்யாண வீடியோ வெட்ட உட்கார்ந்தாய். செட்டிகுளம் மலைப் படியில் மாப்பிள்ளையை மெதுவாக இறங்கவிட்டு, தோளில் துண்டைப் பறக்கவிட்டு, சூப்பர் ஹீரோ இசை போட்டாய். பெண் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள், மாப்பிள்ளை மட்டும் நான்கு பிரதி வாங்கிப் போனான் என்று போனில் சொல்லிச் சிரித்தாய். நான் வெட்டும் ஒவ்வொரு ட்ரெய்லரும் முதலில் உனக்குத்தான் வரும். "உப்பு இல்ல" என்று ஒரு வரி பதில் போடுவாய்.

அப்புறம் அந்தச் சுண்ணாம்புக்கல் லாரி. உன் ஸ்கூட்டி. அந்தச் சாலையில் லாரிகள் இன்னும் அதே வேகத்தில்தான் போகின்றன, அதை நினைத்தால் எனக்குக் கொலைவெறி வருகிறது.

கீழப்பழுவூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்கு வழி கேட்கத் தேவை இருக்கவில்லை. பாட்டு கூட்டிக்கொண்டு போனது. உன் தெரு திரும்புகிற இடத்தில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் எத்தனை எழவு வீட்டில் அதைக் கேட்டிருப்பேன்! அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதன் வரிகளைக் கேட்டேன்.

வாசலில் உன் தம்பிக்கும் பெரியவர்களுக்கும் சச்சரவு. அவன் மைக் செட்டுக்காரரிடம் தன் போனைக் கொடுத்து, உனக்குப் பிடித்த குத்துப் பாட்டு, காவடிப் பாட்டெல்லாம் போடச் சொல்லியிருக்கிறான். "எழவு வூடா இல்ல திருவிழாவாடா இது?" என்று ஒரு கிழவி கத்தினாள். "எங்க அக்காவுக்கு இதாங்க புடிக்கும்," என்று அவன் அழுதுகொண்டே கத்தினான். எழவு வீட்டுப் பாட்டு நின்று ஒரு காவடிப் பாட்டு ஓடியது. நாம் கட்டடம் இடிவதற்கு ஒட்டிய அதே பாட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சுற்றியிருந்தவர்கள் நான் அழுவதாக நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் நினைத்தது சரியாகிவிட்டது.

இப்போது சொல், உன் தெருவில் கேட்ட அந்த எழவு வீட்டுப் பாட்டை நான் எப்படி ஒட்டுவேன்? ட்ரெய்லர் ஓடிவிட்டால் அது எல்லார் போனிலும் அடிக்கும். பிள்ளைகள் அதற்குக் கையை விரித்துப் பறப்பார்கள். நாளைக்கு அரும்பாவூரிலோ செந்துறையிலோ ஒரு வீட்டு வாசலில் அது ஓடும்போது, செத்தவரைச் சுற்றி நிற்கிற பொடியன்கள் விசிலடிப்பார்கள். ஒட்டாமல் விட்டால் இயக்குநரின் முகத்தில் எப்படி விழிப்பேன்? காரணம் என்னவென்று சொல்வேன்? என் தோழியின் பாட்டு, தரமாட்டேன் என்றா?

மத்தியானம் உன் தம்பிக்குப் போன் போட்டேன். அரியலூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான், நன்றாக இருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். உன்னைப்போலவே, போடுங்கக்கா, செமையா இருக்கும் என்று குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். கடையில் யாருக்கோ கவர் மாட்டிக் கொடுக்கும் சத்தம் கேட்டது.

"வுழுந்துட்டு அந்தாளு எந்திரிக்கிறானாக்கா?"

"எந்திரிப்பான்டா. டைட்டில் வர்றப்ப."

"அப்ப வேணாம்க்கா," என்றான். "அது எந்திரிக்காதவங்களுக்குப் போடுறது."

பாட்டை எடுத்துவிட்டேன். இயக்குநரிடம் காரணத்தை ஒளிக்காமல் சொன்னேன். நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்டார், கோபித்துக்கொண்டு வெளியே போனார், திரும்பி வந்து வேறு பாட்டு தேடுவோம் என்றார். தேடிக்கொண்டிருக்கிறோம். ஹீரோ விழுகிற இடம் இப்போதைக்குச் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன். விழுகிறான், தூசி அடங்குகிறது, விரல் அசைகிறது, எழுந்துவிடுகிறான். பழைய வேலைகளையும் எடுத்துப் பார்த்தேன். நான் வெட்டிய ஒவ்வொரு ட்ரெய்லரிலும் விழுந்தவன் எழுந்துதான் இருக்கிறான். இனிமேலும் நான்தான் எழுப்பப் போகிறேன், அதற்குத்தான் சம்பளம். ஒவ்வொரு தடவையும் அந்த விரல் அசைகிறபோது உன் வாசல்தான்டி கண்ணில் வருகிறது. அங்கே பெஞ்சில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள், உன் கையை அன்றைக்கு நான் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.