விபத்து நடந்த இடம்: வீடு

அக்கா,

செங்கம் ரோட்டில் வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கிறவர் இன்று காலை ஒரு வெள்ளை வேட்டியில் தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்து இழுத்தார். ஈரத் துணி சூட்டில் வேகும் வாசம் எழுந்தது. கொத்தமல்லிக் கட்டோடு நான் அங்கேயே நின்றுவிட்டேன். மற்றவர்களுக்கு அது சுத்தமான துணியின் வாசம். எனக்கு அதோடு உங்கள் கையின் வாசமும் சேர்ந்து வருகிறது. உடனே கோபம் வரும். கேட்க ஆள் இல்லாத கோபம். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். இதில் உங்கள் மேலும் கொஞ்சம் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

ஆசிரமத்தைச் சுற்றியிருக்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளெல்லாம் நம் லாண்டிரிக்குத்தான் வரும். நான் தபாலில் பி.ஏ. முடித்தவள் என்று எந்த விடுதிக்கு எத்தனை விரிப்பு என்று எழுதும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். நீங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து தேய்க்கும் மெஷின் முன்னால் நிற்பீர்கள். ஆள் நீளத்துக்கு ஒரு சூடான உருளை. இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பைக் கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். நீங்கள் கொடுத்தால் ஒரு சுருக்கம் இருக்காது. விரிப்பில் விபூதி ஒட்டியிருந்தால், "இதுல படுத்தவன் மோட்சத்துக்கே போயிட்டான், துணிய மட்டும் நமக்கு வுட்டுட்டான்" என்பீர்கள். அந்த வெக்கையிலும் நாங்கள் சிரிப்போம்.

உருளைக்கு முன்னால் ஒரு கம்பி இருந்தது. கை பட்டால் மெஷின் நின்றுவிடும், அதற்காகவே வைத்தது. தடித்த விரிப்பு பட்டாலும் நிற்கும். கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம், ஊரில் ஒரு அறைகூடக் காலி இல்லாத நேரம், மேனேஜர் ஸ்பேனர் எடுத்து வந்து அந்தக் கம்பியைக் கழற்றினார்.

"இது நின்னு நின்னு ஓடினா என்னிக்கு முடிக்கறது? தீபம் முடிஞ்சதும் மாட்டிக்கலாம்."

நீங்கள்தான் கேட்டீர்கள். "சார், கை போயிடாதா?"

"பாத்து செய்யணும்மா. கண்ணு எதுக்கு இருக்கு?"

மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு விரிப்பின் ஓரம் உங்கள் வளையலில் மாட்டியது. நீங்கள் கத்தவில்லை. "நிறுத்து, நிறுத்து" என்று சாதாரணக் குரலில்தான் சொன்னீர்கள். அதனால் அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு விஷயம் புரியவே சில நொடி ஆனது. அந்தச் சில நொடியில் உங்கள் வலது கை மணிக்கட்டு வரை உள்ளே போயிருந்தது.

ஆட்டோவில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. முன்னால் டிரைவரோடு உட்கார்ந்திருந்த மேனேஜர் திரும்பித் திரும்பி என்னிடம் பேசிக்கொண்டே வந்தார்.

"வீட்ல நடந்துச்சுனு சொல்லிடும்மா. வேலை செய்யற எடம்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும், லாண்டிரிய மூடிடுவாங்க. பதினெட்டு குடும்பம் தெருவுக்கு வந்துடும், உன் குடும்பமும் சேத்துதான். செலவெல்லாம் மொதலாளி பாத்துக்குவாரு."

அவர் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுகொண்டார். உங்களை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். பதிவேட்டோடு ஒருவர் வந்து என்னிடம் கேட்டார்.

"எங்க நடந்துச்சு?"

"வீட்லங்க."

"எப்படி?"

"துணி தேய்க்கும்போது."

அவர் உங்கள் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அயர்ன் பாக்ஸ்லயா இப்படி ஆச்சு?"

"ஆமாங்க."

எழுதிக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் தெரியும் அக்கா. தெரிந்துதான் எழுதினார். அந்த வரியை எழுதியவர் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் இருக்கிறது. சொன்னவள் மேல் எவ்வளவு என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விரல்களை எடுத்தார்கள். மீதி இரண்டும் மடங்கவில்லை. நீங்கள் வீட்டுக்கு வந்து இரண்டாம் வாரம் முதலாளி காரில் வந்தார், ஒரு பை நிறைய ஆப்பிளும் மாதுளையும், கூடவே ஒரு தாளும். ‘சிகிச்சைச் செலவு முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அதில் டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் நீங்கள். அழகான கையெழுத்து, கடைசியில் ஒரு கோடு இழுத்துப் புள்ளி வைப்பீர்கள். போடுகிற கை கட்டுக்குள் இருந்ததால் இடது கட்டைவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் நான் வந்தபோது, "நல்ல மனுஷன்டி. இவ்ளோ பெரிய ஆளு நம்ம வூடு தேடி வந்தாரு பாரு" என்றீர்கள். எனக்கும் ஒரு மாதுளையை உரிக்கச் சொன்னீர்கள். உரித்துத் தின்றேன்.

ஆறு மாதம் கழித்து நீங்கள் வேலை கேட்டுப் போனபோது மேனேஜர், "ஒத்தக் கையால ஷீட்டு மடிக்க முடியுமா, நீயே சொல்லு" என்றாராம். நீங்கள் அதையும் நியாயம் என்றுதான் என்னிடம் சொன்னீர்கள். அதற்குப் பிறகு ஒருநாள் உங்களைப் பார்க்க வந்தபோது நீங்கள் உங்கள் ஊர் ரேஷன் கடையில் இருந்தீர்கள். அரிசிப் பையின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு இடது கையால் கயிறு சுற்றிக்கொண்டிருந்தீர்கள். வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு உங்களை வேங்கிக்காலுக்கு, தொழிலாளர் துறை ஆபீசுக்கு அழைத்துப் போனேன்.

அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும். டிபன் பாக்ஸைப் பாதியில் மூடிவைத்துவிட்டு நாம் சொன்னதைக் கேட்டார். நீங்கள் எடுத்த எடுப்பிலேயே, "என் மேலயும் தப்பு இருக்குதுமா, வளையல கழட்டாம வேலை செஞ்சேன்" என்று ஆரம்பித்தீர்கள்.

"உங்க மேல தப்பா, அவங்க மேல தப்பானு இதுல கேக்க மாட்டாங்க. வேலை செய்யும்போது, அந்த வேலையால அடி பட்டுச்சா? அதான் கேள்வி. பட்டுச்சுனா இழப்பீடு குடுக்கணும். அது தருமம் இல்லம்மா, சட்டம்."

"நான் ரேகை வெச்சு குடுத்துட்டனே."

"உங்க உரிமைய வுட்டுக்குடுக்கறேன்னு அவங்க எழுதி வாங்கினா அது செல்லாது. நூறு தாள்ல வாங்கினாலும் செல்லாது."

அடிபட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும் என்றார். சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போய்விட்டது என்று டாக்டர் சான்று தர வேண்டும், சம்பளமும் வயதும் சேர்த்துத் தொகையைக் கணக்கிடுவார்கள் என்றார். கால் மணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். கால் மணி நேரத்தில் சொல்லிவிடக்கூடிய இந்த விஷயம், பதினோரு வருடம் நீங்கள் நின்ற அந்த இடத்தில் ஒரு சுவரில்கூட எழுதியிருக்கவில்லை. ‘வெற்றிலை போடாதே', ‘போன் பேசாதே' என்று மட்டும் எழுதியிருந்தது.

பிறகு அவர் ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல வீட்ல நடந்ததுனு இருக்கே. யார் சொன்னது?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியலமா. நான் மயக்கத்துல இருந்தேன்" என்றீர்கள்.

மனு போட்டோம். நீங்கள் அங்கே வேலையே செய்யவில்லை என்று முதலாளி தரப்பு பதில் கொடுத்தது. பதினோரு வருட வருகைப் பதிவேடு மழையில் நனைந்துபோனதாம். மற்றவர்கள் வேலைக்குப் பயந்து ஒதுங்கிவிட, உங்களுக்கு மிச்சமிருந்தது ஒரே சாட்சி, நான். வாய்தா மேல் வாய்தா வந்தது. முதல் முறை எனக்குக் காய்ச்சல் என்றேன். இரண்டாம் முறை மகளுக்குக் காய்ச்சல் என்றேன். மூன்றாம் முறை போனையே எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நீங்கள் பஸ் ஏறிப் போய், பெயர் கூப்பிடும் வரை காத்திருந்து, அடுத்த தேதி வாங்கிக்கொண்டு திரும்பினீர்கள். ஒருநாளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் அக்கா. திட்டியிருக்கலாம்.

நாலாவது வாய்தாவுக்கு முந்தின நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நீ படிச்ச பொண்ணு. யாருக்கு சாட்சி சொன்னா யாருக்கு நஷ்டம்னு உனக்குத் தெரியும்" என்றார். ஸ்பேனரோடு வந்து நின்ற அதே முகம். என் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. தைரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒன்றரை வருடம் தாமதமாக வந்ததற்குத் தைரியம் என்று பேர் கிடையாது.

இழப்பீட்டு ஆணையர் முன்னால் நான் நின்றேன். நீங்கள் பின்வரிசை பெஞ்சில், முந்தானைக்குள் கையை மறைத்து உட்கார்ந்திருந்தீர்கள். முதலாளியின் வக்கீல் நிதானமாகக் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில வீட்ல நடந்ததுனு சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"அப்ப அன்னிக்குப் பொய் சொன்னீங்களா, இன்னிக்குப் பொய் சொல்றீங்களா?"

"அன்னிக்கு சொன்னதுதாங்க பொய். வேலை போயிடும்னு பயந்து சொன்னேன். இப்ப வேலை போயிடுச்சு. பொய் சொல்ல இனிமே எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

ஆணையர் அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் திரும்பி உங்களைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தீர்கள். மலை கண்ணுக்குத் தெரிந்ததும் நான் சொன்னேன். "அக்கா, அத சொன்னது நான்தான்னு இத்தினி நாளா உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

"எனக்கு முன்னயே தெரியும்."

"எப்பலேந்து?"

"நீ சொல்லும்போது நான் பக்கத்துலதான படுத்துனு இருந்தேன். கைதான் போச்சு, காதுமா போச்சு?"

"அப்புறம் ஏன் ஆபீஸ்ல மயக்கத்துல இருந்தேன்னு சொன்னீங்க? ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"உனக்கு ரெண்டு புள்ளைங்க. அந்த சம்பளத்துலதான் ஓடுது. நான் கேட்டா நீ வந்து நிப்ப, அப்புறம் அதுங்க என்னா பண்ணும்?" என்றீர்கள். இடது கையால் முந்தானையை நீட்டி, "இன்னாத்துக்குடி அழுவற, எல்லாரும் பாக்கறாங்க" என்றீர்கள்.

அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம் அக்கா. இதுதான் உங்கள் மேல் எனக்கிருக்கும் கோபம். கம்பியைக் கழற்றியவனிடமும் கோபமில்லை, ரேகை வாங்கியவனிடமும் கோபமில்லை, பொய் சொன்ன என்னிடமும் கோபமில்லை. வளையலைக் கழற்றாத உங்களிடம் மட்டும்தான் உங்களுக்குக் கோபம் இருந்தது. எல்லோரையும் காப்பாற்றிவிட்டு, அரிசிப் பையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்களைப் போன்றவர்கள் இப்படி இருப்பதால்தான் அவர்கள் ஒரு பை மாதுளையோடு வந்து நிற்க முடிகிறது.

உத்தரவுக்கு நாள் குறித்த பிறகு, ஆவணி மாதத்து ஒரு விடியலில் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. பஸ் நிறுத்தம் வரைகூட உயிர் தாங்கவில்லையாம். கைக்கும் நெஞ்சுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கட்டும். இரண்டு வருடமாகக் காசில்லாமல் பிரஷர் மாத்திரை வாங்காமல் நாளைக் கடத்தியதற்கும் நெஞ்சுக்கும் சம்பந்தமில்லையா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. உங்கள் மகள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

உத்தரவு உங்களுக்குச் சாதகமாக வந்தது. நீங்கள் அங்கே வேலை செய்தவர், விபத்து வேலை செய்யும்போது நடந்தது, என் சாட்சி நம்பத்தக்கது என்று எழுதியிருந்தது. உங்கள் மகளும் நானும் போனோம். "மனுதாரர் வரலையா?" என்று அங்கிருந்த கிளார்க் கேட்டார். "அம்மா இல்லீங்க" என்றாள். அவர் காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டு, வாரிசுச் சான்றிதழ் கொண்டு வரச் சொன்னார். அதற்காக அவள் இன்னும் சில மாதம் அலைந்தாள். கடைசியில் தொகை அவள் பெயருக்கு வந்தது. அன்று அவள் என் வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

நான் இப்போது ஒரு மெஸ்ஸில் கணக்கு எழுதுகிறேன். போன வாரம் எங்கள் சமையல்கார அம்மா மேல் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது. மெஸ் நடத்துகிறவர் கெட்டவர் இல்லை, பயந்துபோனார். "வீட்லனு சொல்லிக்கலாமா? கேஸ் கீஸ்னு ஆயிடப் போவுது" என்றார். "சொல்ல மாட்டேன். நீங்களும் கூட வாங்க" என்றேன். வந்தார்.

ஆஸ்பத்திரியில் பதிவேட்டோடு வந்த ஆள் எங்கே நடந்தது என்று கேட்டார். மெஸ்ஸின் பெயரையும் தெருவையும் நேரத்தையும் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு நகர்ந்தவரை நிறுத்தி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன்.

"ஏம்மா, எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. படிங்க" என்றேன்.