பைபாஸில் மாப்பிள்ளையை இறக்கிய அக்கா

என் பிரியமான மாமாவுக்கு,

கௌசிக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், "விஷயத்துக்கு வாடா ஏழுமலை" என்று இருக்கிற இடத்திலிருந்தே என்னைத் திட்டுவீர்கள். உங்கள் மகள் திருவாமாத்தூருக்கு மருமகளாகப் போய்விட்டாள். மாப்பிள்ளை விழுப்புரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அதிகம் பேச மாட்டார். உங்களுக்கு நேர் எதிர், அதனால்தானோ என்னவோ எல்லோருக்கும் பிடித்துப்போனது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கௌசியைப் பற்றி இல்லை. உங்கள் மனைவியைப் பற்றி, அதாவது என் அக்கா அஞ்சலையைப் பற்றி. அக்காவுக்கு உங்களிடம் சொல்லத் தெரியாது. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்ல அவளுக்கு என்றைக்குத்தான் வந்தது? அதனால் நான் சொல்கிறேன். இதை நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை, படிக்கட்டும்.

நீங்கள் போன பிறகு, கல்யாண ஊர்வலத்துக்கு ஓட்டுகிற சாரட்டு வண்டியையும் குதிரை வெள்ளைச்சியையும் விற்றுவிடச் சொல்லி சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். நானும்தான் சொன்னேன். விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு மழையில் ஹைவேயில் வந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து லாரி இடித்து உங்கள் உயிர் போனது அந்த வண்டியில்தான். மாப்பிள்ளை உட்காருகிற இடத்தில் ஊர்ப்பட்ட சீரியல் செட்டு மாட்டுவீர்கள், வண்டிக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கிடையாது. கேட்டால், "ரோடு என்ன லாரிக்காரன் அப்பன் ஊட்டுதா?" என்பீர்கள். இல்லைதான் மாமா. அது லாரிக்குத் தெரியவில்லையே, என்ன செய்வது?

அக்கா யார் பேச்சையும் கேட்கவில்லை. வெள்ளைச்சிக்குத் தீனி வைத்ததும், தேய்த்துக் குளிப்பாட்டியதும், காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் எப்போதும் அவள்தானே. நீங்கள் சாட்டையும் மீசையுமாக மேலே உட்கார்ந்து பேர் வாங்கினீர்கள், அவ்வளவுதான். வண்டியை ரிப்பேர் பார்க்கக் கொடுத்துவிட்டு வந்தவள், "ஓட்ட நான் கத்துக்கறேன், நீ கூட வந்தா போதும்" என்றாள். திண்டிவனத்தில் இன்றைக்கு அஞ்சலை வண்டி என்றால் தெரியாதவர்கள் இல்லை.

வண்டியையே மாற்றிவிட்டாள் மாமா. பின்னால் முழுக்க மினுமினுக்கிற சிவப்பு ஸ்டிக்கர், பேட்டரியில் எரியும் விளக்கு. லாடம் வழுக்காமல் இருக்கப் பழைய டயரை வெட்டிச் சேர்த்து அடிக்கச் சொன்னாள். ஹைவேயில் நீளத்துக்குப் போவதே கிடையாது. மயிலமோ மரக்காணமோ, வெள்ளைச்சி ஒரு மினி லாரியில் ஏறி நின்றுகொண்டு போகிறது, சாரட்டு இன்னொன்றில் வருகிறது. அந்த மினி லாரிக்கு நம் பக்கத்தில் சின்ன யானை என்றுதானே பேர்? அஞ்சலை குதிரை யானைமேல் போகிறது என்று டீக்கடையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே அக்கா ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். பைபாஸைக் குறுக்கே தாண்டும்போது வண்டியில் ஒருத்தரும் இருக்கக் கூடாது. மாப்பிள்ளையே ஆனாலும் இறங்கி நடந்துதான் தாண்ட வேண்டும். மேளம் நிற்க வேண்டும், பட்டாசு கூடாது. அக்காவும் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச்சியோடு நடப்பாள். நான் சிவப்புக் கொடியோடு முன்னால் போய் வண்டிகளை நிறுத்துவேன். என்னைக் கட்சிக்காரன் என்று நினைத்து, "எதுக்கு மறியல்?" என்று கேட்டவர்களும் உண்டு.

காரணம் உங்களுக்குத் தெரியும். ஒரு பஸ்காரன் ஏர் ஹாரன் அடித்தால் போதும், குதிரை மிரளும், தார் ரோட்டில் கால் வழுக்கும். கீழே நிற்கிறவன் விலகி ஓடிவிடலாம். மாலையும் சால்வையும் தலைப்பாகையுமாக ஆள் உயரத்தில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை எங்கே ஓடுவது? தூரத்தில் வேகமாக வருகிறவனுக்கு எதிரே ஒரு வண்டி நிற்பது தெரிகிறது. அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பது கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறது.

ஆனால் மாப்பிள்ளை அழைப்பில் ஏறினவர், மண்டபத்து வாசலில் ஆரத்தி எடுத்த பிறகுதானே கீழே கால் வைக்க வேண்டும்? நடுவில் இறங்கினால் சகுனம் சரியில்லை என்று பயப்படுவார்கள். அந்தப் பயத்திலேயே எத்தனையோ பேர், வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று போனார்கள். "பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அக்கா தன் வேலையைப் பார்ப்பாள்.

கௌசிக்கு அமைந்த மண்டபமும் பைபாஸுக்கு அந்தப் பக்கம். அழைப்பு புறப்படுகிற பிள்ளையார் கோயில் இந்தப் பக்கம். நிச்சயதார்த்தத்தன்று, பெண் வீட்டுச் சொந்த சாரட்டில் மகன் வரப்போகிறான் என்று மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அக்கா தன் சட்டத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. என் பிள்ளை பாதி வழியில் இறங்கினால் நாங்கள் அப்படியே திருவாமாத்தூருக்குத் திரும்பிவிடுவோம் என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதன் பிறகு வீட்டில் தினமும் இதே பேச்சுதான். இந்த ஒரு தடவை விட்டுக்கொடு என்று நாங்கள் எல்லோரும் கெஞ்சினோம். ஒரு பெரியம்மா வந்து, நல்ல காரியத்தில் வேறு யாராவது வண்டியை ஓட்டட்டுமே என்று இழுத்தார். எதற்கு அப்படிச் சொல்கிறார் என்று அக்காவுக்குப் புரியாதா? "வெள்ளைச்சி வேற யாரு பேச்சக் கேக்கும், சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். கௌசி மட்டும் அம்மாவை வற்புறுத்தவில்லை. எனக்குத்தான் பயம், பெண்ணின் கல்யாணம் நின்றுபோனால் உங்கள் படத்துக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்று.

அழைப்பு அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் பைபாஸ் ஓரம் வந்து சேர்ந்தோம். அக்கா வண்டியை நிறுத்தினாள், இறங்கினாள், மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள். மேளம் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என்ன இது, ஓட்டுங்கள் என்றார். நாற்பது வயதுக்கு மேல் என் அக்கா அவ்வளவு பேருக்கு நடுவில் நிமிர்ந்து நின்று பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இதே ரோட்டுலதான் எங்க ஊட்டுக்காரர் போனாரு, சம்பந்தி. எம் பொண்ணுக்கும் அது வேணாம். சகுனம் கெட்டா அந்தப் பாவம் எந் தலமேல இருக்கட்டும். உங்க புள்ள உசுரோட அந்தாண்ட போய்ச் சேரட்டும். அப்புறம் நீங்க திரும்பிப் போறதா இருந்தாலும் போங்க."

லாரிகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் சொன்னபடி திரும்பி நடந்துவிடுவாரோ என்று நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மேலேயிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "அம்மா, என் செருப்பு கார்ல கீது. எடுத்தாரச் சொல்லு." அவ்வளவுதான் சொன்னார். அந்த அம்மா யாரிடமும் சொல்லவில்லை, தானே போய் எடுத்துக்கொண்டு வந்து வண்டிக்குக் கீழே வைத்தார். மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

நான் கொடியோடு நடு ரோட்டில் நின்றேன். ஆட்களெல்லாம் மாப்பிள்ளையை நடுவில் விட்டுக்கொண்டு தாண்டினார்கள். அவர்கள் அந்தப் பக்கம் சேர்ந்த பிறகு அக்கா வெள்ளைச்சியை நடத்திக்கொண்டு வந்தாள். பாதி தாண்டியிருப்பாள். நிறுத்தி வைத்திருந்த கார்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பஸ் காதைப் பிளக்கிற மாதிரி ஹாரன் அடித்தது. வெள்ளைச்சி தலையைத் தூக்கியது, பின்னங்கால் வழுக்கியது, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்ப நிமிர்ந்தது. அக்கா கடிவாளத்தை விடவில்லை. அதன் கழுத்தோடு முகத்தை வைத்து என்னமோ பேசிக்கொண்டே தள்ளாமல் இழுக்காமல் நடத்திக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள்.

மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த வெல்வெட் மெத்தை ரோட்டில் கிடந்தது. மாப்பிள்ளையின் அப்பா திரும்பி வந்து அதைப் பார்த்தார். நான் எடுக்கக் குனிந்தேன், வேண்டாம் என்று என் கையைத் தள்ளிவிட்டார். தானே எடுத்து, மண்ணைத் தட்டி, தோள்மேல் போட்டுக்கொண்டு நடந்தார். மண்டபம் வரைக்கும் அதை யாரிடமும் கொடுக்கவில்லை, திரும்பிப் போகிற பேச்சும் எடுக்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா, உங்களைவிட அக்கா நல்ல வண்டிக்காரி. நீங்களாக இருந்தால் சாட்டையைச் சுழற்றி, மாப்பிள்ளையோடு ஒரே பாய்ச்சலில் தாண்டியிருப்பீர்கள். ஊரே கை தட்டியிருக்கும். அக்காவுக்கு யாரும் கை தட்டவில்லை. இவள் என் கூடப் பிறந்தவள் என்று அங்கே நிறுத்தி வைத்திருந்த ஒவ்வொரு வண்டிக்காரனிடமும் போய்ச் சொல்ல வேண்டும்போல எனக்கு இருந்தது.

மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். அக்கா வெள்ளைச்சியை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்துச் சுவரோரமாக ஒதுங்கப் போனாள். நீங்கள் போனதிலிருந்து நல்ல காரியம் எதிலும் அவள் முன்னால் நிற்பதில்லை. யாரும் சொல்லி இல்லை, தானாகவே ஒதுங்கிக்கொள்கிறாள். அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க போறீங்க சம்பந்தி? எம் புள்ளைய பத்திரமா இட்டுக்கினு வந்தது நீங்க. ஆரத்தியும் நீங்களே எடுங்க."

பெரியம்மா என்னமோ சொல்ல வாயெடுத்தார். மெத்தையைத் தோளில் போட்டிருந்த சம்பந்தி, "எடுக்கட்டும்" என்றார். அக்கா தன் கைகளைப் பார்த்தாள். குதிரை வாடை அடிக்கும், கழுவிக்கொண்டு வருகிறேன் என்றாள். அதெல்லாம் வேண்டாம் என்று அந்த அம்மா தட்டை வாங்கி அவள் கையிலேயே வைத்துவிட்டார். அக்கா ஆரத்தி சுற்றினாள் மாமா. மாப்பிள்ளை அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார். நான் வெள்ளைச்சியின் கழுத்துக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

அடுத்த முகூர்த்தத்துக்கு மயிலத்தில் ஒரு கல்யாணம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை இறங்க மாட்டார் என்று இப்போதே சொல்லி அனுப்பிவிட்டார்கள். இறங்குவார். எந்த வீட்டுப் பிள்ளையானாலும் சரி, எவ்வளவு பெரிய இடமானாலும் சரி, அக்கா இறக்கத்தான் போகிறாள். அவர்கள் தாண்டும்வரைக்கும் எந்த வண்டியையும் நகர விடாமல் நடு ரோட்டில் நான் நிற்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. நீங்கள் போன ரோட்டில் இனி நம் வண்டியால் ஒரு பெண்ணின் தாலியும் போகாது.

உங்கள் பெண்டாட்டியின் தம்பி என்று சொல்லிக்கொள்வதில் தலை நிமிர்ந்து நிற்கும்,
உங்கள் மச்சான்
ஏழுமலை