முடி கொட்டாத மருந்து

அன்பு மகனுக்கு,

ரத்தம் ஊற மருந்து ஏற்றுகிறார்கள் என்று சொல்லி என்னை மலையிறக்கி ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். நீ வெளியே போனதும் தாதியிடம் கேட்டேன்.

"கண்ணுக்கே தெரியாத கொழுப்பு உருண்டைக்குள்ள மருந்த வெச்சு அனுப்புறோம், ஆன்ட்டி. பெரும்பாலும் புற்றுக்கட்டியிலதான் போய்ச் சேரும். முடி அவ்வளவா கொட்டாது லா. உங்க மகன் அதத்தான் கேட்டு வாங்கினாரு" என்றாள்.

நான் கண்ணாடியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதானே?

கான்வென்டில் படித்தவள் என்று, ஆஸ்பத்திரியின் ஆங்கிலக் கடிதங்களை இந்தத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பே படித்துச் சொல்லக் கேட்டு என்னிடம்தான் கொண்டுவந்தது. யாரிடமும் எதையும் நான் மறைத்ததில்லை. நீ என் உடம்பை என்னிடமே மறைக்கிறாய்.

மருந்து நல்லது, அடுத்த முறையும் வருவேன். டாக்டர் என்னிடம் பேசட்டும். நீ கார் நிறுத்துமிடத்தில் நின்று அழாதே. உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா